சுத்துக்கேணியிலிருந்து பூரணாங்குப்பம் வரை தோணியில் மூன்று நாள்

எங்கள் கழனி வரப்பில் நின்ற இலுப்பை மரம் ஒரு ஐப்பசிப் புயலில் வேரோடு சாய்ந்தது. இரண்டு பேர் கைகோத்துக் கட்டிப்பிடிக்கிற பருமன். விறகுக்குப் போட்டுவிடலாம் என்றார் அப்பா. என் மனைவி பட்டம்மாள்தான் குறுக்கே வந்து, அதில் ஒரு தோணி குடையலாம் என்றாள். அவள் பிறந்த ஊர் பூரணாங்குப்பம். அங்கே அவள் தம்பி முருகேசனுக்கு உப்பங்கழிக்கு அக்கரையில் கொஞ்சம் நிலம் இருக்கிறது. எருவும் விதையும் போவதும் கதிர் வருவதும் இரவல் தோணியில்தான். தோணிக்காரர் மீன்பிடிக்கப் போய்விட்டால் இவன் கரையில் நின்று பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

ஆசாரி ஒரு கோடை முழுக்கக் குடைந்தார். பதினைந்தடி நீளம், நடுவில் இரண்டேகால் அடி அகலம். உள்ளும் புறமும் குங்கிலியமும் எண்ணெயும் காய்ச்சிப் பூசினோம். அதன் பிறகுதான் இதை எப்படிக் கொண்டுபோய்ச் சேர்ப்பது என்ற யோசனையே வந்தது. எங்கள் ஊரும் பூரணாங்குப்பமும் பிரெஞ்சுக்காரன் சீமை, வண்டியில் ஏற்றினால் வழியில் இங்கிலீஷ்காரன் ஊர்கள் குறுக்கிடும். ஒவ்வொரு சுங்கச் சாவடியிலும் இறக்கு, அள, என்ன விலை சொல் என்பார்கள். ஆற்றில் எல்லைக் கல் கிடையாது. எங்கள் ஊருக்குப் பக்கத்தில் ஓடுகிற ஆறுதான் வில்லியனூரையும் திருக்காஞ்சியையும் தாண்டி, பூரணாங்குப்பத்தின் ஓரமாகக் கடலுக்குப் போகிறது. வருஷத்தில் பாதி நாள் வெறும் மணல். மழைக்காலத்தை ஒட்டிச் சில வாரம்தான் தோணி மிதக்கிற அளவுக்குத் தண்ணீர் இருக்கும். கார்த்திகை முடிந்து, பெருவெள்ளம் வடிந்து, சம்பா அறுப்புக்கு இன்னும் நாள் இருந்த மார்கழி முதல் வாரத்தில் கிளம்பினோம். இது இரண்டாம் உலகச் சண்டை தொடங்குவதற்கு முந்தின வருஷங்களில் நடந்தது.

முருகேசன் வந்து ஓட்டிப் போவதாகத்தான் பேச்சு. அவனுக்குக் குளிர் ஜுரம் வந்துவிட்டது. பட்டம்மாள் நானே ஓட்டுகிறேன் என்றாள். கழியோரம் பிறந்தவள், பாவாடை கட்டிய வயதிலிருந்தே கோல் ஊன்றியவள். எனக்கு நீச்சல்கூடத் தெரியாது. ஒரு மருமகள் தோணி ஓட்டுவதா என்று என் அம்மா இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. தம்பி வீட்டுக்குச் செய்கிற காரியம்தானே, இரண்டு பேருமாகப் போய் வரட்டும் என்று அப்பா சொன்ன பிறகுதான் சமாதானம் ஆயிற்று.

இதே போல ஆற்றில் போய் வழியில் தங்க நினைக்கிறவர்களுக்காக, என்னென்ன எடுத்துக்கொண்டோம் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். துடுப்பு பூவரசில் செய்தது, ஆளுக்கு ஒன்றாக இரண்டு. மூன்றாவது ஒன்றைத் தோணிக்குள் கட்டி வைத்தோம். ஒரு துடுப்பு மட்டும் கொண்டுபோகிறவர் அது கையை விட்டுப் போனால் என்ன செய்வார் என்று நினைத்துப் பாருங்கள். இடுப்பளவுக்குக் குறைந்த தண்ணீரில் துடுப்பு உதவாது, மூங்கில் கோல் வேண்டும். அடி நுனியில் குறுக்கே ஒரு சின்னக் கட்டையைக் கட்டிவிட்டால் கோல் மணலில் புதையாது. கயிறு தென்னங்கயிறாகவே இருக்கட்டும். சணல் தண்ணீர் குடித்துக் கனக்கும், தென்னங்கயிறு மிதக்கும்.

அரிசி, பருப்பு, உப்பு, புளி எல்லாவற்றையும் மூடி போட்ட மண்ணெண்ணெய்த் தகரத்தில் வைத்து, மூடியைச் சுற்றி மெழுகு உருக்கி ஊற்றினோம். தீப்பெட்டியைப் பிரித்து, குச்சிகளையும் உரசுகிற பட்டையையும் ஒரு மருந்துச் சீசாவில் போட்டுத் தக்கையால் அடைத்தோம். ஆற்றோரம் கிடைக்கும் விறகு வெளியே காய்ந்தது போலத் தெரியும், உள்ளே ஈரம். அதனால் வறட்டி ஒரு கோணி கொண்டுபோனோம். சமைக்க அலுமினியக் குண்டான் ஒன்று, குடிதண்ணீருக்கு ஒரு மண்பானை. அம்மா கட்டிக் கொடுத்த பித்தளைப் பாத்திர மூட்டையைப் பட்டம்மாள் மெதுவாகத் திரும்ப உள்ளே கொண்டுபோய் வைத்துவிட்டாள். படுக்கக் கோரைப்பாயும் ஆளுக்கொரு கம்பளியும். மெத்தை, தலையணை எல்லாம் ஒருமுறை நனைந்தால் ஒரு வாரத்துக்குக் காயாது. கொசுவுக்கு நொச்சிக் கிளை ஒரு கட்டு. நடுவில் மூங்கில் சிம்பு வளைத்து, பனையோலைப் பாயால் ஒரு கூரை போட்டோம். இந்தக் கூரையைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

சாமான்களை ஏற்றும்போதுதான் எங்களுக்குள் முதல் வாக்குவாதம். நான் எல்லாவற்றையும் பின்பக்கம் அடுக்கினேன். அவள் அத்தனையையும் இறக்கி, கனமானதை நடுவில் அடியோடு அடியாக வைத்து, எல்லாவற்றுக்கும் ஊடே ஒரே கயிற்றை ஓட்டிக் கட்டினாள். தோணி கவிழ்ந்தாலும் சாமான் போகாது என்றாள். கவிழும் என்ற பேச்சே எனக்குப் பிடிக்கவில்லை.

காலை வெயில் ஏறினதும் தள்ளினோம். முதல் நாள் பயணம் எனக்கு அவ்வளவு சுகமாக இருந்தது. முழங்கால் ஆழமும் இடுப்பாழமும் மாறி மாறி வந்தன. மணல் திட்டுத் தட்டினால் இரண்டு பேரும் இறங்கி இழுப்போம். கரும்புத் தோட்டங்களின் பின்பக்கத்தை நான் அதுவரை ஆற்றிலிருந்து பார்த்ததில்லை. கரையில் மாடு குளிப்பாட்டியவர்கள் ஒரு பெண் கோல் ஊன்ற, ஆண்பிள்ளை சும்மா குந்தியிருப்பதைப் பார்த்துச் சிரித்தார்கள். வெயில் சாய்வதற்குள் கூடப்பாக்கம் பக்கம் வந்துவிட்டோம். வண்டிப்பாதையில் போனால் ஒன்பது கிலோமீட்டர் இருக்கும். ஆற்று வளைவுகளோடு சேர்த்தால் இன்னும் கூடுதல். ஆற்றின் நடுவே வெள்ளையாக, நல்ல மேடாக ஒரு மணல்திட்டு. கரையில் நரியும் கொசுவும், திட்டில் காற்று. இங்கேயே தங்கலாம் என்று இரண்டு பேருமே சொன்னோம். மணலில் ஒரு முழம் தோண்டினால் ஊற்றுத் தண்ணீர் இளநீர் மாதிரி வந்தது. சோறு பொங்கி, கருவாடு சுட்டுச் சாப்பிட்டுவிட்டுப் படுத்தோம். வானத்தில் ஒரு மேகம் இல்லை. மேற்கே மட்டும் தூரத்தில் மின்னிக்கொண்டிருந்தது. அது எங்கோ செஞ்சிப் பக்கம் என்று விட்டுவிட்டோம்.

விடிந்ததும் பால் வாங்கி வருகிறேன் என்று ஒரு சொம்பை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். திட்டுக்கும் கரைக்கும் நடுவே தண்ணீர் முழங்காலுக்குக் கீழேதான் ஓடியது. ஊருக்குள் ஒரு வீட்டில் கன்று குடித்து முடிக்கட்டும் என்று உட்கார வைத்தார்கள். கொஞ்சம் பேசிக்கொண்டிருந்தேன். இரண்டு பணம் கொடுத்து, சொம்பு நிறையப் பாலோடு திரும்பி வந்தால், ஆறு வேறு ஆறாக இருந்தது.

தண்ணீர் செம்மண் நிறத்தில் நுரைத்துக்கொண்டு போனது. நான் கடந்து வந்த இடத்தில் ஒரு வேலங்கிளை முழுசாகச் சுழன்று போயிற்று. திட்டு பாதியாகிவிட்டிருந்தது. பட்டம்மாள் தோணியைக் கயிற்றால் இழுத்துப் பிடித்தபடி சாமான்களை ஏற்றிக்கொண்டிருந்தாள். நான் இறங்கினேன். இரண்டு எட்டில் தொடைக்கு வந்தது, அடுத்த எட்டில் இடுப்புக்கு. காலுக்குக் கீழே மணல் நழுவியது. அப்போதுதான் அவள் நிமிர்ந்து பார்த்துக் கத்தினாள்.

“எறங்காதீங்க. மேல ஏறுங்க. நான் தோணிய ஓட்டிக்கினு கீழ எங்கனா கரை சேத்துடறேன், நீங்க கரையோட வாங்க.”

நான் ஏறவில்லை. அப்படியே நின்றேன். அவள் கையிலிருந்த வேலையை விட்டுவிட்டு, நான் கரையேறுகிற வரை என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். ஏறிய பிறகுதான் திரும்பினாள். அரிசித் தகரத்தையும் தண்ணீர்ப் பானையையும் முன்மூக்கில் வைத்துக் கட்டினாள். தோணியைத் தள்ளி, தானும் தாவி ஏறினாள். ஒரு கணம் தோணி குறுக்கே திரும்பியது. துடுப்பை ஒரே பக்கம் பலமாகப் போட்டு நேராக்கினாள். பிறகு வளைவில் இருந்த நாணல் புதர் அவளை மறைத்துவிட்டது.

ஓடினேன். கரையோரம் வழி என்று ஒன்று கிடையாது. வரப்பில் ஓடினால் வாய்க்கால் குறுக்கிடும். வாய்க்காலைச் சுற்றினால் கரும்பு. கரும்புத் தோகை முகத்தையும் கையையும் அறுத்தது. சில இடங்களில் ஆறு கண்ணிலேயே படாது, சத்தம் மட்டும் கேட்கும். ஒரு கொல்லையில் புல் அறுத்துக்கொண்டிருந்த பெண்ணிடம் கேட்டேன். ஒரு பொம்பளை தோணியில் போனதைப் பார்த்ததாகவும், குந்திக்கொண்டு போனாள் என்றும் சொன்னாள். குந்திக்கொண்டு என்ற அந்த வார்த்தை எனக்குப் போதுமாக இருந்தது. இன்னும் கொஞ்ச தூரம் ஓடினேன். அங்கே ஏர் பூட்டிக்கொண்டிருந்த ஒருவர், ரயில் பாலத்துத் தூண்களில் பெரிய மரம் ஒன்று வந்து மாட்டியிருக்கிறது, செத்தையெல்லாம் அதில் சேர்ந்து அடைத்துக்கொண்டிருக்கிறது என்றார். அவர் ஏதோ ஊர்ச் சேதி சொல்கிற மாதிரிதான் சொன்னார். தோணியில் போவது என் மனைவி என்று அவருக்குத் தெரியாது.

வில்லியனூருக்கு மேற்கே அந்தப் பாலம். நான் போய்ச் சேர்ந்தபோது மூச்சு நெஞ்சில் அடைத்தது. இரண்டு தூண்களுக்கு நடுவே மரமும் முள்ளும் வைக்கோலுமாக ஒரு மலை. தண்ணீர் அதில் முட்டி, உள்ளே உறிஞ்சிக்கொண்டு போனது. அந்த முள்ளில் எங்கள் பனையோலைப் பாய் மாட்டிக் கிடந்தது. மூங்கில் சிம்புகூடப் பிய்ந்து அதோடு தொங்கியது.

அங்கே எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தேன் என்று தெரியாது. அம்மாவுக்கு என்ன சொல்வேன், முருகேசனுக்கு என்ன சொல்வேன் என்றெல்லாம் நினைக்கவில்லை. அவள் முன்தினம் மாலை மணலைத் தோண்டி, முதலில் ஊறிய கலங்கல் தண்ணீரை இறைத்து ஊற்றிவிட்டுத் தெளிந்ததை எனக்குக் கொடுத்தாள். அது மட்டும்தான் திரும்பத் திரும்ப வந்தது. தண்டவாளத்தைப் பார்வையிட வந்த கேங்மேன் ஒருவர் மேலேயிருந்து இறங்கி வந்து, ஏன் இப்படிக் குந்தியிருக்கிறாய் என்று கேட்டார். பாயைக் காட்டினேன். என் சம்சாரம் என்று மட்டும் சொன்னேன்.

“அந்தப் பொம்பளையா? அவ போயிட்டாளே. ஓலப்பாய அவளேதான் அறுத்து வுட்டா, நான் மேல நின்னு பாத்துக்கினு இருந்தேன். பாலத்து நடுக் கண்ணுல பூந்து அந்தாண்ட போயிட்டா. எந்திரி, நீ போ.”

அந்த மனிதரின் பெயரைக்கூடக் கேட்கவில்லை. கும்பிட்டேனா என்றும் ஞாபகம் இல்லை. இந்தத் தடவை ஓட முடியவில்லை, நடந்தேன். வில்லியனூர்க் கோபுரம் இடது கைப்பக்கம் வந்து, பின்னால் போயிற்று. ஆறு அகலமாகி, வேகம் தணிந்துகொண்டே வந்தது. அதைப் பார்க்கப் பார்க்க எனக்கும் மூச்சு இறங்கிற்று.

திருக்காஞ்சிக் கோயில் படித்துறையில் தோணி கட்டியிருந்தது. சாமான்கள் படியில் வரிசையாகக் கிடந்தன. பட்டம்மாள் கம்பளியைப் பிழிந்து காயப்போட்டுவிட்டு, ஈரத் தலையோடு மேல்படியில் உட்கார்ந்து நான் வரவேண்டிய திசையையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் பக்கத்தில் போய் நின்றேன். அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். வேட்டி கிழிந்திருந்தது, கையெல்லாம் கீறல். அந்தக் கையில் சொம்பு இருந்தது. அது இருப்பதே எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

“பால் இன்னா ஆச்சு?” என்றாள்.

சொம்பைக் கவிழ்த்துக் காட்டினேன். ஒரு சொட்டு இல்லை. இரண்டு பேரும் சிரித்தோம். சிரித்துக்கொண்டே இருந்தவள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். தோள் குலுங்கியது. படித்துறையில் துணி துவைத்துக்கொண்டிருந்த பெண்கள் பார்த்தார்கள். நான் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். வெளியிடத்தில் அவள் கையைப் பிடித்தது அதுதான் முதல் தடவை.

நடந்ததை அவள் சாயங்காலம் கோயில் மண்டபத்தில்தான் சொன்னாள். தோணியில் ஆள் ஒருவர் மட்டும் பின்னால் உட்கார்ந்தால் முன்மூக்கு மேலே தூக்கிக்கொண்டு, ஓட்டம் இழுக்கிற பக்கம் திரும்பிவிடுமாம். அதற்காகத்தான் தகரத்தையும் பானையையும் முன்னால் வைத்தாள். பாலம் தெரிந்ததும் நடுக் கண்ணைக் குறிவைத்துத் துடுப்புப் போட்டிருக்கிறாள். ஆனால் ஓலைக்கூரை காற்றைப் பிடித்துக்கொண்டு தோணியை மரம் மாட்டியிருந்த பக்கமே தள்ளியிருக்கிறது. சமையல் மூட்டைக்குள் போகாமல் சூரிக்கத்தி அவள் மடியில் இருந்தது. கூரையின் கட்டுகளை ஒரு கையால் அறுத்து விட்டிருக்கிறாள். பாய் போன வேகத்தில் தோணி லேசாகி, சொன்ன பேச்சைக் கேட்க ஆரம்பித்ததாம்.

பயமாக இல்லையா என்று கேட்டேன்.

“நீங்க எறங்கிடுவீங்களோன்னுதான் பயம். நீங்க கரை ஏறினப்புறம் தோணிய மட்டுந்தான பாக்கணும்.”

இங்கிருந்து வண்டி பிடித்துவிடலாம் என்று நான் சொன்னேன். மனசார அதைத்தான் விரும்பினேன். அவள் தண்ணீரைக் காட்டினாள். படியில் காலையில் முழுகியிருந்த கல் ஒவ்வொன்றாக வெளியே வந்துகொண்டிருந்தது. வெள்ளம் வடிகிறது, நாளைக்கு இது வெறும் ஆறு, பாதியில் விட்டால் இனி உங்களுக்கு ஆற்றைக் கண்டாலே ஆகாது என்றாள். அவள் சொன்னது சரி என்று எனக்கும் தோன்றிற்று. கோயிலில் கொடுத்த பொங்கலும் எங்கள் தகரத்து அரிசியில் பொங்கின கஞ்சியுமாக அன்றைக்குச் சாப்பாடு. தகரத்துக்குள் ஒரு துளித் தண்ணீர் போகவில்லை, சீசாவில் இருந்த குச்சி முதல் உரசலில் பற்றிக்கொண்டது. வறட்டிதான் பாதி நனைந்துபோயிற்று. அதையும் தகரத்தில் வைத்திருக்க வேண்டும்.

மூன்றாம் நாள் காலையில் நான் முன்னால் உட்கார்ந்து துடுப்புப் போட்டேன். கிளம்புமுன் பானையில் நல்ல தண்ணீர் நிரப்பிக்கொண்டோம். நீங்களும் அங்கேயே நிரப்பிக்கொள்ளுங்கள். அதற்குக் கீழே தண்ணீர் உப்புக் கரிக்கத் தொடங்கும், மணலைத் தோண்டினாலும் உப்புதான். கொஞ்ச தூரத்தில் ஆறு இரண்டாகப் பிரியும். இடது கை அரியாங்குப்பத்துக்குப் போகிறது. பூரணாங்குப்பம் போகிறவர்கள் வலது கையைப் பிடிக்க வேண்டும், அதைச் சுண்ணாம்பாறு என்பார்கள். கடலூர் ரோட்டுப் பாலத்தை நெருங்கினபோது எவ்வளவு துடுப்புப் போட்டாலும் தோணி நின்ற இடத்திலேயே நின்றது. கடல் ஏறுகிறது, மல்லுக்கட்டாதீர்கள் என்றாள். கரையோரம் ஒரு மரத்தில் கட்டிவிட்டுப் புளிச்சோறு சாப்பிட்டோம். அங்கே வலை காயவைத்துக்கொண்டிருந்தவர்கள், தண்ணீர் திரும்பினதும் போங்கள், ஆனால் வலது கரையை விட்டு நடுவுக்குப் போகாதீர்கள், இறங்குகிற தண்ணீர் முகத்துவாரத்துக்கு இழுத்துவிடும் என்றார்கள். தண்ணீர் திரும்பினபோது தோணி தானாகவே போயிற்று. தூரத்தில் கடல் இரைவது கேட்டது. நான் வலது கரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

வெயில் தாழ்வதற்குள் பூரணாங்குப்பம். முருகேசன் கம்பளியைப் போர்த்திக்கொண்டு கரையில் நின்றிருந்தான். தோணியைச் சுற்றிச் சுற்றி வந்து தடவிப் பார்த்தான். பிறகு என்னிடம், “வழில ஒண்ணும் தொந்தரவு இல்லியே மாமா?” என்று கேட்டான். நான் வாயைத் திறப்பதற்குள் பட்டம்மாள், “ஒண்ணும் இல்லடா, ஓலப்பாய் ஒண்ணு போச்சு, அவ்ளோதான்” என்று சொல்லிவிட்டு வீட்டுக்குள் போய்விட்டாள்.

மறுநாள் முழுக்க அவள் தூங்கினாள். என் மாமியார் இரண்டு தடவை எழுப்பப் போனார். வேண்டாம் என்று தடுத்துவிட்டேன். எனக்கு வேறு வேலை ஒன்றும் இல்லை. அவள் மூச்சு விடுவதைக் கேட்டுக்கொண்டு கூடத்தில் உட்கார்ந்திருந்தேன். அதைப் போல நிம்மதியான ஒரு நாள் என் வாழ்க்கையில் குறைவு.

திரும்பி வர புதுச்சேரி வரை பஸ், அங்கிருந்து வில்லியனூருக்கு ரயில், பிறகு ஊருக்கு மாட்டு வண்டி. இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரு ரூபாய்க்குள் முடிந்துவிட்டது.

போக நினைக்கிறவர்களுக்கு இன்னும் சில விஷயம். கூரை போடாதீர்கள், வெயிலுக்குத் தலையில் துண்டு போதும், மழைக்கு மெழுகுத்துணி ஒன்றைச் சுருட்டி வைத்துக்கொள்ளுங்கள். கத்தி எப்போதும் மடியில் இருக்கட்டும். மணல்திட்டு எவ்வளவு வெள்ளையாக, எவ்வளவு மேடாக இருந்தாலும் அதில் தங்க வேண்டாம், கரையில் கொசு கடித்தால் கடிக்கட்டும். தலைக்கு மேலே வானம் தெளிந்திருக்கிறது என்று நம்பாதீர்கள். மேற்கே பாருங்கள், ஆறு அங்கிருந்துதான் வருகிறது. நீச்சல் தெரியாதவர்கள் என்னைப் போல ஆகாமல், போவதற்கு முன்னால் கற்றுக்கொள்ளுங்கள். நான் அடுத்த வருஷம் எங்கள் ஊர் ஏரியில் கற்றுக்கொண்டேன், பட்டம்மாள் கரையில் நின்று பார்த்துக்கொண்டாள். இரண்டு பேராகப் போனால், பாலுக்கோ விறகுக்கோ எதற்கானாலும் சரி, ஒருவர் அக்கரை ஒருவர் இக்கரை என்று மட்டும் இருந்துவிடாதீர்கள். பால் இல்லாமல் ஒரு காலை கழிந்துவிடும்.